பனியில் எழுதிய கதைகளைப் படித்தவர்

கனடா நாட்டில் பனிக் காலத்தில் காட்டுக்குப் போனால் ஒரு பிராணியும் கண்ணில் படாது. மரங்கள் மொட்டையாக நிற்கும். காடே காலியாகி விட்டதோ என்று தோன்றும்.

ஆனால் குனிந்து தரையைப் பார்த்தால் சங்கதி தெரியும்! கோலமாவைக் கொட்டிப் பரப்பியது போல வெண்பனி கிடக்கும். இரவில் யார் வந்தார்கள், எங்கே போனார்கள், யார் யாரைத் துரத்தினார்கள் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும்.

அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக் கொண்டவர், பிறருக்கும் கற்றுக் கொடுத்தவர், எர்னஸ்ட் தாம்சன் சீட்டன்.

தந்தை நீட்டிய பில்

சீட்டன் 1860-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி இங்கிலாந்தில் சவுத் ஷீல்ட்ஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை கப்பல் முதலாளி. தொழில் நொடித்துப் போகவே, 1866-ல் குடும்பத்தோடு கனடாவுக்குக் குடியேறினார்.

சிறுவனுக்குக் காட்டுப் பிராணிகள் மேல்தான் ஆசை. தந்தையோ மகனைச் சித்திரக்காரன் ஆக்க விரும்பினார். லண்டனுக்கு அனுப்பினார். மகன் நன்றாகவே வரைந்தான். உதவிச் சம்பளமும் கிடைத்தது. ஆனால் உடம்பு கெட்டுத் திரும்பி வந்தான்.

21 வயது ஆனதும் தந்தை ஒரு பில்லை நீட்டினார். பிறந்தது முதல் வளர்த்த செலவு அத்தனையும் அதில் இருந்தது. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுத்த பணத்தைக் கூட விடவில்லை! மொத்தம் 537 டாலர் 50 சென்ட். சீட்டன் தம் சுயசரிதையில் இதைச் சொல்லியிருக்கிறார். பெற்ற பிள்ளைக்கே பில் போட்ட தகப்பனை என்னவென்று சொல்வது?

மணல் மேட்டில் பள்ளிக்கூடம்

1882-ல் சீட்டன் மானிட்டோபா மாகாணத்துக்குப் போனார். அங்கே கார்பெரி என்ற ஊரில் அவருடைய சகோதரர் நிலம் வாங்கியிருந்தார். சீட்டனுக்குப் பண்ணை வேலையில் மனம் ஓடவில்லை. ஊருக்கு அருகில் இருந்த மணல் மேடுகளில்தான் காலம் கழிந்தது.

குளிர் காலத்தில் அங்கே மானின் தடம் தெரியும். அதைப் பிடித்துக் கொண்டு நாள் முழுவதும் நடப்பார். மான் கண்ணில் படாது. ஆனாலும் அது எங்கே மேய்ந்தது, எங்கே படுத்தது, எங்கே மோப்பம் பிடித்துத் திடுக்கிட்டுப் பாய்ந்தது என்பதைத் தடம் சொல்லிவிடும். நேரில் பார்த்தால் மான் ஒரு நொடியில் ஓடி மறைந்து விடும். தடமோ அதன் ஒரு நாள் வாழ்க்கையையே காட்டும்.

கண்ட தடங்களை அளந்தார். நோட்டுப் புத்தகத்தில் வரைந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இப்படிக் குறிப்பு எழுதி வந்தார்.

பூனை நகத்தை உள்ளே இழுத்துக் கொண்டு நடக்கும். ஆகையால் அதன் தடத்தில் நகக்குறி இராது. நாயின் தடத்தில் நகம் பதியும். பூனை, முன்கால் பதிந்த குழியிலேயே பின்காலையும் வைக்கும். முன்காலைச் சத்தம் வராத இடமாகப் பார்த்து வைக்கிறது. பின்காலும் அங்கேயே விழுந்தால் சருகு நொறுங்காது அல்லவா? முயல் தாவும்போது பின்கால்கள் முன்கால்களைத் தாண்டி முன்னே விழும். இது தெரியாதவன் முயல் வந்த திசையைப் போன திசை என்று எண்ணி ஏமாந்து போவான்!

ஒரு முயலின் முடிவு

1885 பிப்ரவரியில் டொரன்டோ நகருக்கு அருகே ஒரு முயலின் தடத்தைப் பார்த்தார். அது நிதானமாகத் தொடங்கியது. திடீரென்று தாவல்கள் நீண்டன. தடம் இப்படியும் அப்படியும் வளைந்து வளைந்து ஓடியது. துரத்தியது யார்? பின்னால் வேறு தடமே இல்லை!

கொஞ்ச தூரத்தில் பனியின் மேல் இரு புறமும் விசிறி வீசியது போன்ற கோடுகள் தெரிந்தன. இறக்கையின் அடையாளம்! பிறகு ரத்தத் துளிகள். கடைசியில் பாதி தின்னப்பட்ட முயல். பக்கத்தில் பறவையின் காலடி. முன்னே இரண்டு விரல், பின்னே இரண்டு விரல். பருந்தாக இருந்தால் முன்னே மூன்று விரல் பதிந்திருக்கும். வந்தது ஆந்தை என்று சீட்டன் தெரிந்து கொண்டார்.

யாரும் பார்க்காத கொலைக்குப் பனியே சாட்சி சொன்னது.

ஓநாய் ராஜா

இந்தப் படிப்பு ஒரு பெரிய பாவத்துக்கும் பயன்பட்டது.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் லோபோ என்று ஓர் ஓநாய் இருந்தது. அதன் கூட்டம் தினம் ஒரு மாட்டைக் கொல்வதாகப் பண்ணைக்காரர்கள் சொன்னார்கள். அதன் தலைக்கு 1,000 டாலர் விலை வைத்தார்கள். விஷம் வைத்துப் பார்த்தார்கள். லோபோ தொடவில்லை. 1893-ல் சீட்டனை வரவழைத்தார்கள்.

அங்கே பனியை விடப் புழுதிதான் அதிகம். அதிலும் தடம் பதியும் அல்லவா? சீட்டன் இரும்புப் பொறிகளைப் புதைத்தார். லோபோ மோப்பம் பிடித்து விலகிப் போனதைத் தடத்தில் கண்டார்.

ஒரு நாள், ஒரு சிறிய காலடி லோபோவுக்கு முன்னால் போயிருப்பதைப் பார்த்தார். தலைவனை முந்த மற்ற ஓநாய்களுக்குத் தைரியம் ஏது? ஆகவே அது லோபோவின் ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பெண் ஓநாயின் பெயர் பிளாங்கா.

முதலில் பிளாங்காவைப் பொறியில் பிடித்துக் கொன்றார்கள். லோபோ இரவெல்லாம் ஊளையிட்டுக் கொண்டு அவளைத் தேடி அலைந்தது. சீட்டன் பிளாங்காவின் பாதத்தை வெட்டி எடுத்து, பொறிகளின் மேல் அவள் நடந்தது போலவே தடம் பதித்தார். எந்தத் தந்திரத்துக்கும் ஏமாறாத லோபோ அந்தத் தடத்துக்கு ஏமாந்தது. நான்கு கால்களும் நான்கு பொறிகளில் சிக்கின.

உயிரோடு கொண்டு வந்து கட்டினார்கள். இறைச்சி வைத்தார்கள், தண்ணீர் வைத்தார்கள். லோபோ திரும்பியும் பார்க்கவில்லை. தூரத்துச் சமவெளியையே பார்த்துக் கொண்டு படுத்திருந்தது. மறுநாள் காலையில் உயிர் இல்லை. அது 1894-ம் ஆண்டுத் தொடக்கம்.

சீட்டன் அதைப் பிளாங்காவின் பக்கத்தில் கிடத்தினார்.

பேனா எடுத்தார்

அதன் பிறகு அவர் பிராணிகளுக்காக வாதாடினார். லோபோவின் கதையைத் தம் குற்றத்தை மறைக்காமல் எழுதினார். 1898-ல் அது மற்றக் கதைகளோடு புத்தகமாக வந்து உலகப் பிரசித்தி பெற்றது. கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் ஓநாயின் காலடி ஒன்றையும் வரைவார்.

எதிர்ப்பும் வந்தது. 1903-ல் ஜான் பரோஸ் என்ற புகழ் பெற்ற இயற்கை எழுத்தாளர், சீட்டன் கற்பனையை உண்மை என்று விற்கிறார் என்று கடுமையாகத் தாக்கினார். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. சீட்டனின் பிராணிகள் சில சமயம் மனிதர்களைப் போலவே யோசிக்கின்றன!

சீட்டன் சண்டைக்குப் போகவில்லை. நோட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்துக் கொண்டு உட்கார்ந்தார். 1909-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி நூல் வந்தது. 1925 முதல் 1928 வரை அதைவிடப் பெரிய நூல் பகுதி பகுதியாக வந்தது. அதற்காக 1927-ல் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். பதக்கத்துக்கு யார் பெயர் தெரியுமா? ஜான் பரோஸ்!

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். சிறுவர்களைக் காட்டுக்கு அழைத்துப் போய்த் தடம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்.

1946 அக்டோபர் 23-ந் தேதி, 86-வது வயதில், நியூ மெக்சிகோவில் காலமானார். 1960-ல் நூற்றாண்டு விழாவின்போது அவருடைய அஸ்தியை ஆகாய விமானத்தில் கொண்டு போய், அவர் வாழ்ந்த குன்றுகளின் மேல் தூவினார்கள்.

லோபோவின் தோலும் அதே நியூ மெக்சிகோவில்தான் இருக்கிறது, சீட்டன் பெயரால் அமைந்த நூலகத்தில்.