இருமொழி ஆண்ட விபுலானந்த அடிகளார்

பதுளை நகரிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாக மலையிறங்கிச் செல்லும் பெருஞ்சாலை செங்கலடியிலே கீழைக் கரையைச் சேர்கின்றது. அக்கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே, வயலும் கடலும் அணிசெய்யக் கிடப்பது காரைதீவு. 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் அவ்வூரிலே சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராகத் தோன்றிய மயில்வாகனனாரே, பிற்காலத்தில் விபுலானந்த அடிகளார் எனத் தமிழுலகம் போற்றிய பெரியார் ஆவர். அன்னாருடைய துறவையும் தமிழ்த் தொண்டையும் அறியாதார் இலர். ஆயினும், ஊவா மலைத் தோட்டங்களில் வாழும் எமக்கு இன்று பெரிதும் வேண்டப்படுவது, அவர் ஒரு மொழிக்கு இரு மொழி கற்று அவற்றை ஆண்ட வகையே. அதனையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

எம் பிள்ளைகள் லயத்திலே தமிழ் பேசுகின்றனர். கடைத்தெருவிலும் பஸ் வண்டியிலும் சிங்களம் கேட்கின்றனர். உயர்கல்வியையும் உத்தியோகத்தையும் நாடும்போது ஆங்கிலத்தை எதிர்கொள்கின்றனர். தமிழைக் கைவிட்டாலன்றி முன்னேற்றமில்லை என்று எண்ணும் பெற்றோரும் எம்மிடையே உளர். பிறமொழி புகுந்தால் தமிழ் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெரியோரும் உளர். இவ்விரு திறத்தாரும் அடிகளாரின் வாழ்க்கையை ஒரு முறை உற்று நோக்குதல் நன்று.

இளமையிலே மயில்வாகனனார் தமிழையும் வடமொழியையும் ஊரிலே முறையாகக் கற்றார். பின்னர்க் கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலம் பயின்று, பதினாறாம் அகவையிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். ஆங்கிலம் வந்ததும் தமிழ் ஏடுகளைக் கட்டிவைத்தவர் பலர் வாழ்ந்த காலம் அது. அவரோ கட்டிவைத்தாரல்லர். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றபோதும், அதன் பின்னரும், தமிழறிஞரை நாடிச் சென்று இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். இதன் பயன் 1916ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. அவ்வாண்டில் விஞ்ஞானத்தில் டிப்புளோமாப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறி, ஈழநாட்டிலிருந்து அப்பட்டம் பெற்ற முதல்வரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பீ.எஸ்ஸி. பட்டமும் அவரை வந்தடைந்தது. ஒரு மொழியில் ஆழ ஊன்றிய வேர் மற்றொரு மொழியை வளர்க்குமேயன்றி வாட்டாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகவும், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராகவும் விளங்கியவர், 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தரானார். அங்கே தமிழில் வெளிவந்த இராமகிருஷ்ண விஜயத்துக்கும், ஆங்கிலத்தில் வெளிவந்த வேதாந்த கேசரிக்கும் ஆசிரியராயிருந்தார். ஒரே கருத்தை இருவேறு மக்களுக்கு அவரவர் மொழியில் உரைக்கும் பயிற்சி அவருக்கு அங்கே வாய்த்தது. 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணி என்னும் நாடக நூலிலே ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழர்க்கு அறிமுகஞ் செய்தார். அப்பெரும் புலவரைச் செகசிற்பியார் எனத் தமிழ்ப்பெயரிட்டு அழைத்த அழகை நாம் இன்றும் வியக்கின்றோம்.

தாயகம் மீண்டபின் கல்விப்பணியே அவர் பணியாயிற்று. 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் கற்ற அவரே அதனைத் தாய்மொழியிற் கற்பித்தல் வேண்டும் என வற்புறுத்தியவர். ஆனால் அதற்குச் சொற்கள் எங்கே? 1936இல் சென்னையிலே கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை பூண்டு, பௌதிகம், இரசாயனம், கணிதம் முதலிய துறைகளுக்கு ஏறக்குறையப் பதினாயிரம் சொற்கள் திரண்டு 1938இல் நூலாக வெளிவர வழிசெய்தார். தாம் ஏறிய ஏணியைப் பின்வருவோர்க்கும் விட்டுச்செல்லுதல் என்பது இதுவன்றோ!

இருமொழிக் கல்வி சிந்தனைக்கு என்ன பயன் தரும் என்று வினவுவார்க்கு யாழ்நூலே விடையாகும். பழந்தமிழர் மீட்டிய யாழ் வழக்கொழிந்து, சிலப்பதிகார அரங்கேற்று காதையிலும் அதன் உரைகளிலும் சொல்லளவிலே எஞ்சி நின்றது. தமிழ் மட்டும் அறிந்தார்க்கு அவ்வடிகள் விளங்காப் புதிராயின. விஞ்ஞானம் மட்டும் அறிந்தார் அவ்வடிகளைப் படித்தாரில்லை. ஒரு நரம்பைப் பாதியாக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலுக்கு இளி பிறக்கும். இக்கணக்கை அறிந்த பௌதிக ஆசிரியரும், காப்பியம் கற்ற பண்டிதரும் ஒருவரேயாய் அமைந்தமையால், மறைந்த இசைமுறை மீண்டும் துலங்கியது. பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனான அந்நூல் 1947ஆம் ஆண்டு சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943 முதல் தமிழ்ப் பேராசிரியராயிருந்த அடிகளார், அரங்கேற்றம் நிகழ்ந்து இரு மாதங்கூட நிறையுமுன், சூலை 19ஆம் நாள் கொழும்பிலே மறைந்தார்.

இனி, எம் மலைநாட்டை நோக்குவோம். தோட்டங்களிலும் இருமொழி வழங்காமலில்லை. வெள்ளைத் துரைமார் தமிழ் கற்றனர். அவர்களுக்கெனத் தமிழ் வசனப் புத்தகங்களும் அச்சாயின. ஆனால் அவர் கற்றது பெரும்பாலும் ஏவும் தமிழே. ஆங்கிலம் அறிந்தவர் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்றபோது, எது சொல்லப்பட்டது, எது மறைக்கப்பட்டது என்பதை லயத்து மக்கள் அறியார். 1945இல் இலவசக் கல்வி வந்தும், தோட்டப் பள்ளிகள் 1970களின் பிற்பகுதியிலேதான் படிப்படியாக அரசாங்கத்தின் கீழ்ச் சேரத் தொடங்கின. மொழியறிவு ஒருசிலர் கைப்பொருளாகும்போது அது சமூகத்தைக் கட்டும் விலங்காகும். பலர்க்கும் பகிரப்படும்போதே விளக்காகும்.

இன்று நிலைமை மாறியுள்ளது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும், இரு மொழியிலும் எழுதவல்ல அலுவலர் அமராத மேசையிலே அச்சட்டம் ஏட்டளவில் நிற்கும். பொலிசு நிலையத்தில் தான் கூறிய முறைப்பாடு எவ்வாறு எழுதப்பட்டது என்றறியாமல் கைநாட்டு வைக்கும் தாய்க்கு அச்சட்டத்தால் என்ன பயன்? பதுளையிலேயே 2005இல் எழுந்த ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தில் போதனாமொழி ஆங்கிலம். தமிழிற் பாடத்தைத் தெளிந்த மாணவன் ஆங்கிலச் சொல்லைக் கற்றால் போதும். பாடமும் தெளியாது மொழியும் தெளியாது சென்றவன் இரட்டைச் சுமை சுமப்பான்.

ஆதலின், பெற்றோர்களே, பிள்ளைக்கு முதலிலே தமிழைப் பிழையற எழுதவும் சிந்திக்கவும் பழக்குங்கள். அதன்மேற் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் அச்சமின்றி ஏற்றுங்கள். இளைஞர்களே, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு கடிதம் வரைய வல்லவர் ஒருவர் லயத்துக்கு ஒருவராயினும் இருப்பின், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்க மண்டபத்திலோ கோயில் முன்றிலிலோ அமர்ந்து, வந்த கடிதங்களைப் படித்துக் கூறி, வேண்டிய விண்ணப்பங்களை எழுதிக்கொடுத்து, அண்டை வீட்டுப் பிள்ளைக்கும் அதனைக் கற்பித்தல் வேண்டும். பதினாயிரம் சொற்களைத் திரட்டித் தந்த பெருந்தகைக்கு நாம் செலுத்தக்கூடிய காணிக்கை இதுவே.