மறையாத குயிலோசை
மதுரகான வாணி என்.சி. வசந்தகோகிலம் அம்மையாரின் வாழ்வும் இசையும்

இறைவனை அடைவதற்கு நம் முன்னோர் வகுத்த வழிகள் பல. அவற்றுள் எளிமையும் இனிமையும் ஒருங்கே வாய்ந்தது இசை வழியாகும். நாயன்மார்களும் ஆழ்வார்களும் பண் சுமந்த பாடல்களாலேயே ஊர்தோறும் பக்தியை வளர்த்தனர். அவ்வழியில் வந்த இசைவாணர்களுள் நீண்ட காலம் வாழ்ந்து பட்டமும் பரிசும் பெற்றுப் புகழுடன் மறைந்தோர் பலர். குறுகிய காலமே வாழ்ந்தும் மக்கள் நெஞ்சில் நீங்காத இடம் பெற்றோர் மிகச் சிலரே. அந்தச் சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் என்.சி. வசந்தகோகிலம் அம்மையார் ஆவார். அவர் இம்மண்ணில் வாழ்ந்தது 32 ஆண்டுகள் மட்டுமே. அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும், அவருடைய பழைய இசைத்தட்டுகளின் பாடல்களைத் தேடிப்பிடித்துக் கேட்டு இன்புறும் அன்பர்கள் இன்றும் இருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் அம்மையாரை நேரில் கண்டவர் அல்லர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பிறப்பும் இளமையும்

அன்றைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த இரிஞ்ஞாலக்குடா என்னும் ஊரில் 1919 ஆம் ஆண்டு அம்மையார் பிறந்தார். இராமபிரானின் தம்பியாகிய பரதனை மூலவராகக் கொண்ட கூடல்மாணிக்கம் திருக்கோயிலால் சிறப்புற்ற ஊர் அது. தந்தையார் பெயர் சந்திரசேகர ஐயர். பெற்றோர் குழந்தைக்கு இட்ட பெயர் காமாட்சி என்பதாகும். வசந்தகோகிலம் என்பது பின்னாளில் கலையுலகில் அமைந்த பெயர். வசந்த காலத்துக் குயில் எனப் பொருள்படும் அப்பெயர் பிறரால் மறுக்கவொண்ணாத அளவுக்கு அவர் குரலுக்குப் பொருந்திவிட்டமையால், காமாட்சி என்ற பெயரை உலகம் மறந்தே போயிற்று.

மகளிடம் இருந்த இசை நாட்டத்தைத் தந்தையார் இளமையிலேயே கண்டுகொண்டார். குடும்பம் நாகப்பட்டினத்திற்குக் குடிபெயர்ந்தது. நீலாயதாட்சி அம்மை கோயில் கொண்டுள்ள அந்நகரம், முத்துசுவாமி தீட்சிதரின் பாடலையும் பெற்ற தலமாகும். அங்கே ஜால்ரா கோபாலய்யர் எனப் பெயர் பெற்ற இசைவாணரிடம் சிறுமி காமாட்சி முறையாக இசை பயின்றார். தாளத்தைக் கண்ணெனப் போற்றிய ஆசிரியரிடம் கற்றதன் பயன் அவருடைய பாட்டில் கடைசி வரை விளங்கியது. எவ்வளவு நிதானமாகப் பாடினாலும் அவர் பாட்டில் தொய்வு காண இயலாது.

சென்னையில் வெற்றி

1936 ஆம் ஆண்டு குடும்பம் சென்னைக்கு வந்தது. அக்காலத்தில் பெண்கள் கச்சேரி மேடையில் அமர்ந்து பாடுவது எளிதான செயலாக இருக்கவில்லை. குடும்பப் பெண்கள் பொது மேடையில் பாடலாமா என்னும் கேள்வி அப்போதும் சமுதாயத்தில் எழுந்துகொண்டிருந்தது. அத்தகைய சூழ்நிலையில், 1938 ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமி நடத்திய வாய்ப்பாட்டுப் போட்டியில் வசந்தகோகிலம் கலந்துகொண்டு முதற்பரிசு பெற்றார். அப்போது அவருக்கு வயது 19. அதே ஆண்டில்தான் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையமும் தொடங்கப்பெற்றது. சபாக்களும் வானொலியும் இசைத்தட்டுகளும் ஒன்றையொன்று வளர்த்த அக்காலம், புதிய குரல்களுக்கு வாசல் திறந்துவிட்ட காலம் எனலாம்.

சங்கீத உலகில் பெருமதிப்பிற்குரியவராக விளங்கிய டைகர் வரதாச்சாரியார், அம்மையாரின் இசையைப் பாராட்டி மதுரகான வாணி என்னும் பட்டத்தை அளித்துச் சிறப்பித்தார். இலக்கணத்தில் சிறிதும் வழுவாதவர் எனப் பெயர் பெற்ற அப்பெரியாரின் பாராட்டு, இளம் பாடகி ஒருவருக்குக் கிடைத்தற்கரிய பேறாகும்.

அம்மையார் இசையின் தனித்தன்மையைச் சுருங்கக் கூறுவதாயின் மூன்றைக் குறிப்பிடலாம். முதலாவது, சுருதியோடு முழுதும் இழைந்த குரல். மேல் ஸ்தாயியில் நிற்கும்போதும் அக்குரலில் வலிந்து எட்டிப்பிடிக்கும் முயற்சி தெரிவதில்லை. இரண்டாவது, சொல் சுத்தம். பாடலின் ஒவ்வொரு சொல்லும் பொருள் விளங்கக் காதில் விழும். மூன்றாவது, நிதானம். தம் புலமையைக் காட்ட விரும்பும் இளையோர் விரைந்து பாடுவது இயல்பு. அம்மையாரோ, இறைவன் எதிரே இருக்கிறான், அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்னும் நம்பிக்கையுடன் பேசுவதுபோலப் பாடினார்.

வெள்ளித்திரையில்

பாடத் தெரிந்தோரே நடிக்கவும் வேண்டும் என்றிருந்த அக்காலத் திரையுலகம் அவரையும் அழைத்தது. 1940 இல் வெளிவந்த சந்திரகுப்த சாணக்கியா, 1941 இல் வெளிவந்த வேணுகானம், 1942 இல் வெளிவந்த கங்காவதார் ஆகிய படங்களில் அவர் நடித்தார். 1944 ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ஹரிதாஸ் அவரைப் பட்டிதொட்டியெங்கும் அறிமுகப்படுத்தியது. பெற்றோரைப் புறக்கணித்த மகன் மனந்திருந்தி அவர்களுக்குத் தொண்டு செய்து பாண்டுரங்கன் அருள் பெறும் கதை அது. எம்.கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகனாகவும் வசந்தகோகிலம் அவருடைய மனைவி லட்சுமியாகவும் நடித்தனர். சென்னை பிராட்வே திரையரங்கில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது திரையுலக வரலாறு. 1946 இல் வால்மீகி வெளிவந்தது. 1950 இல் வெளிவந்த கிருஷ்ண விஜயம் படத்தில் அவர் நாரத முனிவராகத் தோன்றினார். பிற்காலத்தில் முருகன் பாடல்களால் தமிழுலகையே ஆட்கொண்ட டி.எம். சௌந்தரராஜன் திரைக்கு முதன்முதலாகப் பாடியதும் அதே படத்தில்தான். ஒரு குரல் விடைபெறும் நேரத்தில் மற்றொரு குரல் உள்ளே நுழைந்தது எனலாம்.

திரைப்படங்களில் நடித்தபோதிலும் அம்மையாரின் மனம் கச்சேரி மேடையையும் பக்திப் பாடல்களையுமே நாடியது. இன்று அப்படங்களின் கதைகளை நினைவில் வைத்திருப்போர் குறைவு. பாடல்களை நினைவில் வைத்திருப்போரோ பலர்.

தமிழிசையும் அம்மையாரும்

1941 ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் ஆதரவில் தமிழிசை மாநாடு கூடியது. 1943 ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்னும் குரல் ஓங்கி ஒலித்த காலம் அது. தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளைப் பாடுவதில் வல்லவராயிருந்த அம்மையார், தமிழ்ப் பாடல்களையும் அதே மதிப்புடன் பாடி இசைத்தட்டில் பதிவு செய்தார். வாதத்தில் இறங்காமல் பாட்டினாலேயே தமிழின் இசைத்திறத்தை நிலைநாட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

சீர்காழி அருணாசலக் கவிராயரின் ஏன் பள்ளி கொண்டீர் ஐயா என்னும் மோகன ராகப் பாடல் அவர் குரலில் பெரும்புகழ் பெற்றது. திருவரங்கத்தில் துயிலும் பெருமாளை நோக்கி, இராமாவதாரத்தில் பட்ட துன்பங்களின் களைப்பினாலோ இந்தத் துயில் என்று வினவும் பாடல் அது. தந்தை தாய் இருந்தால் என்னும் பாடலோ சிவபெருமானை நோக்கிப் பாடப்படுவது. சாக்கிய நாயனாரின் கல்லையும், கண்ணப்பரின் செருப்புக் காலையும், அருச்சுனனின் வில்லடியையும், பாண்டியனின் பிரம்படியையும் ஏற்ற பெருமானுக்குப் பெற்றோர் இருந்திருந்தால் இத்தாழ்வு நேர்ந்திருக்குமா என்று இரங்குவது அதன் கருத்து. பிறவாதவன் என்று வேதம் போற்றும் இறைவனையே தாயற்ற பிள்ளையாக எண்ணி மனம் கசிவது தமிழ்ப் பக்தி நெறிக்கே உரிய உரிமை. அப்பாடலை அம்மையார் பாடக் கேட்கும்போது, அதில் வாதமும் இல்லை, நிந்தையும் இல்லை. அடிபட்டு வந்த பிள்ளையின் முதுகைத் தடவிப் பார்க்கும் தாயின் பரிவே ஒலிக்கிறது.

துன்பமும் நோயும்

பிறர் துயரை ஆற்றும் குரல் பெற்ற அம்மையாரின் சொந்த வாழ்வு இன்பமாக அமையவில்லை. இளமையில் நடந்த திருமணம் நிலைக்காமல் பிரிவில் முடிந்தது. அதன்பின் திரைப்பட இயக்குநர் சி.கே. சச்சி அவர்களின் துணையோடு இறுதிவரை வாழ்ந்தார். கணவரைப் பிரிந்த பெண்ணை ஊரார் எவ்வாறு நோக்கியிருப்பர் என்பதை அக்காலத்தை அறிந்தோர் எளிதில் உணர்வர். அந்நிலையிலும் அவர் மேடையை விட்டு விலகவில்லை.

ஆனால் காசநோய் அவரைப் பற்றியது. நெஞ்சையும் மூச்சையும் அரிக்கும் அந்நோய், மூச்சையே முதலாகக் கொண்ட ஒரு பாடகிக்கு வந்தது பெருங்கொடுமை. ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1943 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. எனினும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நோயை முற்றும் குணமாக்கும் முறை அப்போது பரவவில்லை. 1951 ஆம் ஆண்டு சென்னையில் அம்மையார் காலமானார். அதே சென்னையில் 1956 ஆம் ஆண்டு காசநோய் மருத்துவ ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பெற்றது. வீட்டில் இருந்தபடியே மருந்துண்டு இந்நோயிலிருந்து விடுபடலாம் என்பதை அம்மையம் உலகுக்கே எடுத்துக்காட்டியது. ஐந்தே ஆண்டு இடைவெளி! அவர் பிறந்த அதே 1919 ஆம் ஆண்டிலே பிறந்த டி.கே. பட்டம்மாள் 2009 ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். மூன்று ஆண்டுகள் மூத்தவரான எம்.எஸ். சுப்புலட்சுமி 2004 ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். அவ்விருவருக்கும் கிடைத்த நெடிய காலம் வசந்தகோகிலத்திற்கும் கிடைத்திருந்தால் தமிழிசை எத்துணைச் செல்வம் பெற்றிருக்கும் என்று எண்ணி ஏங்காத இசையன்பர் இலர்.

இசைத்தட்டில் வாழும் குரல்

அம்மையாரின் பெருமைக்குச் சான்றாக இன்று எஞ்சி நிற்பவை அவருடைய இசைத்தட்டுகளும் திரைப்பாடல்களுமே. அக்கால இசைத்தட்டு அரக்குக் கலவையால் செய்யப்பட்டது. நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. கல்கத்தாவை அடுத்த டம் டம் நகரில் இருந்த கிராமபோன் கம்பெனியின் ஆலை இந்தியா முழுமைக்கும் அத்தகைய தட்டுகளை உருவாக்கி அனுப்பியது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலான பாட்டே அடங்கும். கச்சேரியில் விரிவாகப் பாடும் கலைஞர், அந்தச் சிறு அளவுக்குள் ராகத்தின் சாயலையும் பாட்டின் உயிரையும் அடக்கிக் காட்ட வேண்டும். அளவோடு பாடும் அரிய பண்பு அம்மையாரிடம் இயல்பாகவே அமைந்திருந்தமையால், அவருடைய தட்டுகளில் குறை தெரிவதில்லை. நிறைகுடத்திலிருந்து ஒரு கிண்ணம் நீர் முகந்து தந்தாற்போன்ற நிறைவே தோன்றுகிறது.

கைதவறி விழுந்தால் உடைந்துபோகும் பொருள் அது. மேலும், எஃகு ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் தட்டின் வரிகளைச் சிறிது சிறிதாகத் தேய்க்கும். எனவே, எந்தப் பாட்டை ஒரு குடும்பம் மிகுதியாக விரும்பியதோ அந்தத் தட்டே முதலில் தேய்ந்தது. விரும்பாத தட்டு புத்தம் புதிதாக இருக்க, விரும்பிய தட்டில் இரைச்சல் ஏறியது. அவ்வாறு தேய்ந்தும் கீறியும் போன தட்டுகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டி, வாரிசுகளிடம் ஒப்படைத்த குடும்பங்களின் அன்பினாலேயே அம்மையாரின் குரல் பிழைத்தது. பின்னர் அது ஒலிநாடாவுக்கு ஏறியது. அதன்பின் குறுந்தட்டுக்கும், இன்று கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துள்ளது. பாட்டின் ஊடே மழை பெய்வதுபோல் கேட்கும் இரைச்சலை அன்பர்கள் பொருட்படுத்துவதில்லை. அதற்கு அப்பால் இருந்து வரும் மெல்லிய குரலைச் செவிசாய்த்துக் கேட்கின்றனர்.

இத்துணை நீடித்த அன்புக்குக் காரணம் யாது? அவரை நினைவுபடுத்த ஒரு பெருநிறுவனம் இல்லை. புகழ்பாடும் சீடர் கூட்டமும் பெரிதாக இல்லை. அம்மையார் எவரையும் வியக்கவைக்க முயலவில்லை. உள்ளத்தில் உள்ளதை உரக்கக் கூவாமல் கூறினார். அதனால் கேட்போரும் தம் உள்ளத்தைத் திறந்து கேட்டனர். துன்பத்தில் இருப்போருக்கு அத்தகைய குரலே துணையாக அமைகிறது.

இளைய தலைமுறைக்கு

திருவிழா நாட்களில் ஒலிபெருக்கியின் பேரொலி இன்றியமையாததாகிவிட்ட காலம் இது. ஒலி மிகுந்தால் பக்தி மிகும் என்று எண்ணுவோரும் உளர். வைகறையில் நடை திறக்கும் நேரத்தில், ஒலியைச் சற்றே தணித்து இத்தகைய பழைய பாடல் ஒன்றை ஒலிக்கச் செய்தால் அதன் பயன் விளங்கும். தேவாரமும் இசையும் பயிலும் பிள்ளைகளுக்கு இப்பாடல்களைக் கேட்கும் வாய்ப்பைப் பெற்றோரும் ஆசிரியரும் அளித்தல் வேண்டும். சொல்லைச் சிதைக்காமலும் சுருதியை விட்டு விலகாமலும் அவசரப்படாமலும் பாடுவது எவ்வாறு என்பதற்கு அவற்றினும் சிறந்த பாடநூல் அரிது. வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டுகள் கிடந்தால், உதவாப் பொருள் எனக் கருதி எறிந்துவிடாமல், அவற்றைப் பேணத் தெரிந்தோரிடம் சேர்ப்பிப்பதும் இசைக்குச் செய்யும் தொண்டேயாகும்.

பதின்மூன்று ஆண்டுகளே புகழுடன் பாடிய அம்மையார், அதற்குள் மூன்று தலைமுறைகளுக்கு வேண்டிய ஆறுதலை வைத்துச் சென்றிருக்கிறார். அப்பாடல்களைக் கேட்போர் உள்ள வரை, மதுரகான வாணியின் இசைப்பணியும் தொடர்ந்து நடைபெறும்.