முப்புரி கண்ட பேராசிரியர்

மேலநீலிதநல்லூர் வயலில் கதிர் அறுக்கும் உழவர் ஒருவரின் விரலை அரிவாள் கீறிவிட்டது என்று கொள்வோம். குருதி உறைகிறது, சின்னாளில் வெட்டுவாய் கூடுகிறது. பிளந்த தசையை உள்ளிருந்து இழை கோத்து இணைக்கும் புரதத்திற்குக் கொலாஜன் என்று பெயர். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தருவதும் அதுவே. அதன் அமைப்பைச் சென்னையில் இருந்தவாறே ஆராய்ந்து கண்டவர் ஜி. என். இராமச்சந்திரன் ஆவார்.

இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சென்றவரைச் சர் சி. வி. இராமன் தம் பௌதிகத் துறைக்கு ஈர்த்துக்கொண்டார். பின்பு கேம்பிரிட்ஜிலும் பயின்று திரும்பிய இராமச்சந்திரன், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியரானார்.

அவ்வமயம் சென்னைக்கு வந்த பெர்னால் என்னும் அறிஞர், கொலாஜனின் அமைப்பு எவர்க்கும் புலப்படாதிருப்பதை எடுத்துரைத்தார். இராமச்சந்திரன் அதனையே பற்றிக்கொண்டார். ஆராய்வதற்குத் தூய கொலாஜன் வேண்டுமே! அண்மையில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கங்காரு வாலின் தசைநாரைத் தந்து உதவியது. அதில் எக்ஸ் கதிர்களைச் செலுத்திக் கிடைத்த படங்களைக் கொண்டு, அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் தம் முடிவை வெளியிட்டனர். மறு ஆண்டு அதனைத் திருத்தமுறச் செய்தனர். கயிற்றின் புரிகள்போல் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுகி நிற்கின்றன என்பதே அம்முடிவு. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாம் இடந்தோறும் மிகச் சிறிய அமினோ அமிலமாகிய கிளைசின் வருகிறது. நடுவேயுள்ள இடுக்கில் வேறெதுவும் அடங்காது.

இம்முடிவு எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. கேம்பிரிட்ஜில் கிரிக், ரிச் என்னும் இருவர், இவ்வமைப்பில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர். அவர்தம் கூற்றிலும் உண்மை இருந்தது. ஆனால் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு அளவு யாது? இராமச்சந்திரன் சினந்து ஒதுங்காமல் அவ்வினாவையே ஆராய்ச்சியாக்கினார். அறியப்பட்ட படிகங்களையெல்லாம் துருவி அணுக்களின் இடைவெளியைக் கணித்தார். அதன் பயனாக, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். புரதச் சங்கிலி எவ்வெக்கோணங்களில் மடங்க இயலும் என்பதை அது காட்டுகிறது. எந்நாட்டில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், இன்றும் இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்தே சரிபார்க்கின்றனர். முதற் கண்டுபிடிப்பினும் எதிர்ப்பால் விளைந்த இதுவே பெரிது எனலாம்.

கங்காரு தசைநார் தந்த தோல் நிலையமோ, பிற்காலத்தில் விலங்குத் தோலிலிருந்து கொலாஜனைப் பிரித்து மெல்லிய படலமாக்கும் வழியை வகுத்தது. தீப்புண்மீது அப்படலத்தைப் போர்த்தினால் ஈரம் காக்கப்படுகிறது, கிருமிகள் தடுக்கப்படுகின்றன, பந்தலிற் கொடி படர்வதுபோல் உடலின் உயிரணுக்கள் அதனைப் பற்றி வளர்கின்றன. நாளடைவில் படலம் கரைந்துவிடுவதால், அதனைப் பிய்த்தெடுக்கும் வேதனை நோயாளிக்கு இல்லை.

1977இல் இலண்டன் இராயல் சங்கம் இராமச்சந்திரனைத் தன் உறுப்பினராக்கிக்கொண்டது. முதுமையில் பார்க்கின்சன் நோயால் வருந்திய அவர், 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார்.