தமிழியல் வளர்த்த குரு: தனிநாயகம் அடிகளார்



சென்னைக் கடற்கரைச் சாலையில் போகும்போது வரிசையாக நிற்கும் சிலைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வள்ளுவர், ஔவையார், கம்பர் ஆகியோரோடு நம் மறையைப் பரப்ப வந்த வீரமாமுனிவரும், சீர்திருத்த சபைகளைச் சேர்ந்த போப்பையரும் கால்டுவெல் ஐயரும் அங்கே நிற்கின்றனர். 1968-ஆம் ஆண்டு சனவரியில் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி எழுந்தவை அச்சிலைகள். அந்த மாநாடுகளுக்கு வித்திட்டவர் ஒரு கத்தோலிக்கக் குரு. அவருக்கு அவ்வரிசையில் சிலை இல்லை. நம் இளைஞரில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. ஆகவே இம்மலரில் அவருடைய வாழ்வைச் சுருக்கமாகக் கூற முற்படுகிறோம்.

சேவியர் தனிநாயகம் அடிகளார் 1913-ஆம் ஆண்டு ஆகத்து 2-ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைத் தீவில் கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். திருமுழுக்கின்போது இட்ட பெயர் சேவியர் நிக்கலஸ் ஸ்தனிஸ்லாஸ். தனிநாயகம் என்பது குல முன்னோர் பெயர். தமிழில் தோய்ந்த பிற்காலத்தில்தான் அதைத் தம் பெயராக்கிக் கொண்டார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தார். அக்காலத்து உயர்ந்த கல்லூரி எதுவும் போலவே அங்கும் ஆங்கிலமே அரசு செலுத்தியது. பின்னர் கொழும்பில் குருமடத்தில் சேர்ந்து, 1934-இல் உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டு, 1938-இல் குருப்பட்டம் பெற்றார். ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகர ஆயர் புனித சிப்பிரியான் காலத்துக் குருக்களைப் பற்றி அங்கே ஆராய்ச்சி செய்தார். இலத்தீனும் இத்தாலியமும் பிரெஞ்சும் அவருக்கு நாவில் பழகின. உடன் பயின்ற தமிழ் மாணவரைச் சேர்த்துக்கொண்டு உரோமையிலேயே வீரமாமுனிவர் கழகம் ஒன்றையும் தொடங்கினார். ஆயினும், ஐரோப்பிய மொழிகளில் அவ்வளவு வல்லவரான அந்த இளங்குருவுக்குச் சங்க நூல்கள் அப்போது அறியாத உலகமாகவே இருந்தன என்பதை மறக்கலாகாது.

அவர் பணியாற்ற வந்தது இலங்கைக்கு அன்று, நம் தமிழ்நாட்டுக்கு. ஆயர் ரோச் ஆண்டகையின் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்து, 1940 முதல் வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார். இங்கேதான் அவர் வாழ்வு திரும்பியது. அதே பள்ளி வட்டத்தில் இருந்த தமிழ்ப் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவனாக அமர்ந்து பழைய இலக்கியங்களைப் பாடங்கேட்டார். உரோமையில் முனைவர் பட்டம் பெற்றுவந்த கத்தோலிக்கக் குரு, கிராமத்து அந்தணப் பண்டிதரின் முன் அமர்ந்து முதற்பாடம் கேட்டார் என்றால் அதில் இருவருக்கும் பெருமை உண்டு.

அதோடு நிற்கவில்லை. 1945-இல், முப்பத்திரண்டு வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை வகுப்பில் மாணவராகச் சேர்ந்தார். தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், அ. சிதம்பரநாதன் செட்டியார் போன்ற பேரறிஞர் அங்கே விளங்கிய காலம் அது. முதுகலைக்குப் பின் பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை என்னும் பொருளில் ஆராய்ந்து அடுத்த பட்டமும் பெற்றார். அந்த ஆராய்ச்சியே பின்னர் ஆங்கில நூலாக வெளிவந்து வெளிநாட்டார் பலருக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்திணையை அறிமுகம் செய்தது.

இங்கே நம் வட்டாரத்தார்க்கு ஒரு சொல். ஐந்திணையில் நெய்தல் நம்முடையது. காசிமேட்டிலிருந்து எண்ணூர்க் குப்பங்கள் வரை விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்கள் வாடை என்றும் கொண்டல் என்றும் காற்றுக்குச் சொல்லும் பெயர்கள் சங்கப் பாட்டில் இருக்கின்றன. அவை புலவர் வீட்டுச் சொத்து என்று எண்ணிக்கொண்டு, நம் வாயில் வரும் சொல்லைக் கொச்சை என்று நாமே ஒதுக்கிவிடுகிறோம். நிலமும் தொழிலும் பருவமும் சேர்ந்துதான் பாட்டைப் பிறப்பித்தன என்பது அடிகளார் ஆராய்ச்சியின் சாரம். அப்படியானால் ஒரு பாட்டைப் படிக்க அகராதி மட்டும் போதாது. கடலையும் வலையையும் அறிந்திருக்க வேண்டும்.

தமிழ்ப் படிப்பு, தமிழியல் ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இலக்கணமும் இலக்கியமும் கற்பது தமிழ்ப் படிப்பு. அவற்றோடு தமிழர் வரலாறு, கல்வெட்டு, கலை, இசை, சமயங்கள், நாட்டார் வழக்கு, கடல் கடந்து சென்ற வரலாறு எல்லாவற்றையும் ஒரே துறையாக வைத்து, உலகின் வேறு பண்பாடுகளோடு ஒப்பிட்டுக் கற்பது தமிழியல். கிரேக்கத்தையும் இலத்தீனையும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இவ்விதமே கற்பிப்பதை உரோமையில் நேரில் கண்டவர் அடிகளார். தமிழுக்கும் அது வேண்டும் என்று பிடிவாதமாய் நின்றார். இந்தியப் பண்பாடு என்றாலே வடமொழி என்று மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் எண்ணியிருந்த காலம் அது.

1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். அடுத்து சப்பான், அமெரிக்க நாடுகள் எனச் சுற்றித் தமிழைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1952-இல் ஆங்கிலத்தில் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் முத்திங்கள் ஏட்டைத் தொடங்கினார். அது 1966 வரை வெளிவந்தது. தமிழ் அறியாத ஆராய்ச்சியாளர் கையில் தமிழைக் கொண்டுசேர்த்த ஏடு அதுவே. அதே 1952-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். இடையில் இலண்டன் சென்று, பழந்தமிழ் இலக்கியத்தில் காணும் கல்விக் கருத்துகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று இலங்கையில் சட்டம் வந்தபோது அவர் வாய்மூடி இருக்கவில்லை. தமிழரின் மொழி உரிமைக்காக எழுதியும் பேசியும் வந்தார்.

நம் திருச்சபைக்கு அவர் செய்த தொண்டு ஒன்று தனியே சொல்லத்தக்கது. தமிழில் முதலில் அச்சேறிய நூல்கள் ஞானோபதேச நூல்களே. 1554-இல் இலிசுபனில் தமிழ் மறைப்பாட நூல் ஒன்று உரோம எழுத்தில் அச்சாயிற்று. அன்றிக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. முத்துக்குளித்துறையின் மீனவக் கிறிஸ்தவர்களுக்காக அச்சான நூல்கள் இவை. கடற்கரையில் வலை இழுத்த மக்களுக்காகத்தான் தமிழ் முதன்முதல் அச்சு கண்டது! இந்நூல்களைத் தேடி அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் அலைந்தார். அவற்றைப் பற்றிக் கட்டுரைகள் எழுதி உலகறியச் செய்தார். அந்தம் தெ புரோயென்சா என்னும் இயேசு சபைக் குரு தொகுத்து 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது. அதன் படி வத்திக்கான் நூலகத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து 1966-இல் மறு அச்சாக வெளிக்கொணர்ந்தவரும் அவரே. தாய்லாந்து அரசவைச் சடங்குகளில் பிராமணர் ஓதும் மந்திரம் நம் திருவெம்பாவை என்பதை எடுத்துக்காட்டியபோதும் இதே ஆர்வம்தான் அவரிடம் இருந்தது. தம் சமயத்து நூலானாலும் சைவர் பாட்டானாலும் அவருக்குத் தமிழ்ச் செல்வம் ஒன்றே.

1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைவராக அழைக்கப்பட்டார். அந்தத் துறையின் கதையை நம் தொழிலாளர் குடும்பங்கள் கேட்க வேண்டும். 1950-களில் அத்துறை திட்டமிடப்பட்டபோது, அங்கே தமிழ் முதன்மை பெறுமா, வடமொழி முதன்மை பெறுமா என்ற வழக்கு எழுந்தது. மலாயாவில் இருந்த இந்தியரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். இரப்பர்த் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர். ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். பால்மரம் சீவிய கைகள் கொடுத்த சிறுசிறு காசு அப்பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல்களாயிற்று. 1973 வரை நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ‘ரஜூலா’ கப்பலை நம் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கப்பலில் ஏறிச் சென்றவர்களின் பிள்ளைகள், தம் பெற்றோர் பேசிய மொழியையும் அதன் வரலாற்றையும் பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய பாடமாகக் கற்றார்கள். அத்துறையை 1969 வரை நடத்தி, உலகம் மதிக்கும் தமிழ் ஆய்வு நிலையமாக்கியவர் அடிகளார்.

அங்கிருந்தபடியே அவர் அடுத்த அடி எடுத்துவைத்தார். 1964 சனவரி 7-ஆம் நாள், கீழ்த்திசை அறிஞர் மாநாட்டுக்காகத் தில்லியில் கூடியிருந்தவர்களை வ. அய். சுப்பிரமணியம் அவர்களோடு சேர்ந்து அழைத்து, உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை நிறுவினார். பிரான்சு நாட்டுப் பிலியோசா தலைவர். அடிகளாரும் செக் நாட்டுக் கமில் சுவலபிலும் செயலாளர்கள். முதல் மாநாடு 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் கூடியது. இரண்டாவது 1968-இல் நம் சென்னையில். மூன்றாவது 1970-இல் பாரிசில். சென்னை மாநாட்டில் கோலாகலம் பெரிது. ஊர்வலமும் அலங்கார வண்டிகளும் மக்கள் கடலும் இன்றும் பேசப்படுகின்றன. மாநாட்டின் உயிர், உள்ளே அமர்ந்து கட்டுரை படித்து வாதிட்டவர்களிடம் இருந்தது என்பதே எம் கருத்து. ஊர்வலம் ஒரு நாளில் கலைந்துவிட்டது. ஆராய்ச்சியாளரோ அடுத்த மாநாட்டுக்கும் வந்தார்கள். 1970-இல் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தோன்றியதும் இவ்வழி வந்த பலனே. அது இப்போது தரமணியில் இருக்கிறது.

நான்காம் மாநாடு 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. சொந்த மண்ணில் கண்ட அந்த மாநாடு அடிகளாருக்குப் பெரும் மகிழ்ச்சி தந்திருக்க வேண்டியது. இறுதி நாளாகிய சனவரி 10-ஆம் நாள் மாலை, வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்டிருந்த மக்கள்மீது காவல்துறையினர் பாய்ந்தனர். நெரிசலிலும் அறுந்து விழுந்த மின்கம்பியாலும் ஒன்பது பேர் மாண்டனர். தமிழைக் கேட்க வந்த எளிய மக்கள் அவர்கள்.

தமிழ் படித்தால் பிழைப்பு உண்டா என்று கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கும்போது நம் வீடுகளில் கேட்பதுண்டு. கேட்பதில் தவறில்லை. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் கூலிக்கு உழைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தந்தை வேறெதைக் கேட்பார்? வேறு பாடம் கிடைக்காதவன் எடுக்கும் பாடம் தமிழ் என்ற எண்ணமோ வேறு. அது தவறு. அடிகளார் வேறு வழியில்லாமல் தமிழுக்கு வந்தவர் அல்லர். திருச்சபையில் எப்பதவிக்கும் உரிய கல்வியைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி மாணவராகி அதை எடுத்தார். படிக்கத் தகுந்த செய்தியும் நம் பக்கத்திலேயே கிடக்கிறது. திருவொற்றியூர்க் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. இலக்கணம் கற்பிப்பதற்கென்றே அங்கு மண்டபமும் நிலக்கொடையும் இருந்த செய்தியை அவை கூறுகின்றன. 1856-இல் எழுந்த இராயபுரம் இரயில் நிலையமும், படகு மக்கள் எழுப்பிய நம் புனித இராயப்பர் ஆலயமும், அவ்வாலயப் பதிவேடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட பெயர்களும் தொழில்களும் ஒரு நல்ல ஆராய்ச்சி மாணவனுக்குப் பல ஆண்டு வேலை கொடுக்கும். நம் பிள்ளைகளில் ஒருவர் அதைச் செய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அடிகளாருக்கு உடல்நலம் குன்றியது. கடைசி நாட்களை யாழ்ப்பாணத்தில் கழித்து, 1980 செப்டம்பர் முதல் நாள் இறைவனடி சேர்ந்தார். வயது அறுபத்தேழு. நான்கு மாதம் கழித்து, 1981 சனவரியில், ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் கூடியது. அதே ஆண்டு செப்டம்பரில் தஞ்சாவூரில் தமிழுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதன் முதல் துணைவேந்தர், 1964-இல் தில்லியில் அடிகளாரோடு நின்று மன்றம் கண்ட வ. அய். சுப்பிரமணியம் அவர்களே.