பழைய வேன் இன்ஜினுக்குப் புது பார்ட்ஸ் பொருந்துவது எப்படி? சாதித்துக் காட்டிய ஹென்றி லேலண்ட்

பழைய வேனின் இன்ஜினைப் பிரித்ததும் மெக்கானிக் ஒரு பட்டியல் எழுதித் தருவார்: பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட். கடையில் வாங்கி வந்தால் பொருந்திவிடும். இதில் என்ன அதிசயம்? 120 வருஷத்துக்கு முன்பு கார் தயாரிப்பில் இது அபூர்வம். அரத்தால் ராவி ராவித்தான் ஒவ்வொரு பாகத்தையும் உட்கார வைப்பார்கள். ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றில் சேராது. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ஹென்றி லேலண்ட். (நம்ம அசோக் லேலண்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெயர் இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊருடையது.)

துப்பாக்கி தந்த பாடம்

லேலண்ட் 1843-ல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதத் தொழிற்சாலையில் வேலை. போர்க்களத்தில் துப்பாக்கி பழுதானால் உட்கார்ந்து ராவ நேரம் ஏது? பாகத்தை மாற்றினால் உடனே சுட வேண்டும். அதற்கு எல்லா பாகமும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். பிறகு மைக்ரோமீட்டர் தயாரித்த பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தில் அளவெடுக்கும் வித்தையைக் கரைத்துக் குடித்தார். 1890-ல் டெட்ராய்ட் வந்து சொந்தத் தொழில் தொடங்கினார்.

மதிப்பிட வந்தவர்

ஓல்ட்ஸ் கார் நிறுவனத்துக்கு லேலண்டும் டாட்ஜ் சகோதரர்களும் இன்ஜின் பாகங்கள் செய்து கொடுத்தார்கள். டிசைன் ஒன்றுதான். ஆனாலும் லேலண்டின் இன்ஜின் கூடுதல் சக்தி தந்தது. காரணம், துல்லியமான கடைசல். அடுத்து 10 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்றை உருவாக்கினார். ஓல்ட்ஸ் அதை வேண்டாம் என்றுவிட்டது.

1902-ல் ஹென்றி ஃபோர்டு விலகிப்போன கம்பெனியை இழுத்து மூட நினைத்த முதலீட்டாளர்கள், இயந்திரங்களுக்கு விலை மதிப்பிட லேலண்டை அழைத்தார்கள். அவரோ தன் இன்ஜினைக் காட்டி, மூடாதீர்கள் என்று மனதை மாற்றினார். அதுதான் காடிலாக் ஆனது.

மூன்று கார், ஒரே குவியல்

1908-ல் லண்டன் அருகே புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் பரீட்சை. மூன்று காடிலாக் கார்களை ஓட்டிப் பார்த்துவிட்டு, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தார்கள். 89 பாகங்களை எடுத்துவிட்டு, டீலரின் ஸ்டாக்கிலிருந்து புதிதாகக் கொடுத்தார்கள். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் மட்டுமே அனுமதி. அரம் கூடாது. திரும்பப் பூட்டிய மூன்று கார்களும் 500 மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டர் ஓடின. டியூவர் கோப்பை காடிலாக்குக்குக் கிடைத்தது.

1917-ல் வெளியேறிய லேலண்ட், லிங்கன் நிறுவனத்தைத் தொடங்கினார். பண நெருக்கடியில் 1922-ல் அதை வாங்கியவர் அதே ஹென்றி ஃபோர்டு. சில மாதங்களிலேயே லேலண்ட் வெளியே போக வேண்டியதாயிற்று. 1932-ல் 89 வயதில் மறைந்தார்.

இன்று நமக்கு என்ன?

புது பாகம் சரியான அளவில் வரும், சரி. ஆனால் ஓடித் தேய்ந்த இன்ஜின் பழைய அளவில் இருக்காதே! அதனால் கண்ணால் பார்த்தோ, விரலால் தடவியோ முடிவெடுக்கக் கூடாது. சிலிண்டரின் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளவெடுக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் பார்க்க வேண்டும். சர்வீஸ் மேனுவல் சொல்லும் வரம்பைத் தாண்டியிருந்தால் சிலிண்டரை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். கிராங்கைக் கடைந்து அண்டர்சைஸ் பேரிங் போடலாம். வரம்புக்குள் இருந்தால் அந்தச் செலவே வேண்டாம். எனவே பார்ட்ஸ் வாங்கப் பணம் எடுக்கும் முன், அளந்த அளவுகளை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.