நாணயம் காத்த செல்வர்

இங்கிலாந்திற்கும் அயர்லாந்திற்கும் இடையே, ஐரிஷ் கடலின் நடுவில் அமைந்துள்ளது மாண் தீவு. அதன் தென்கரையில் உள்ள துறைமுக ஊர் காசில்டவுன். பதினெட்டாம் நூற்றாண்டில் அதுவே தீவின் தலைநகராகத் திகழ்ந்தது. அவ்வூரில் பெருமதிப்புடன் வாழ்ந்த குடும்பங்களுள் ஒன்று குவேல் குடும்பம். தந்தையார் ஜான் குவேல், அரசு ஆவணங்களைக் காக்கும் உயர்பதவி வகித்தவர், தாயார் மார்கரெட். இவர்களின் மகனாக 1751ஆம் ஆண்டில் ஜார்ஜ் குவேல் பிறந்தார்.

அந்நாளில் தீவு அத்தோல் கோமகனின் ஆளுகையில் இருந்தது. பிரிட்டனைக் காட்டிலும் அங்குச் சுங்கவரி மிகக் குறைவு. அதனால் வணிகர் தேயிலை, புகையிலை, மது முதலியவற்றைத் தீவில் இறக்கி, இரவோடிரவாகப் பிரிட்டிஷ் கரைகளுக்குக் கடத்தினர். வருவாய் குன்றக் கண்ட பிரிட்டிஷ் அரசு, 1765இல் 70,000 பவுன் கொடுத்து ஆட்சியுரிமையை வாங்கிக்கொண்டது. வணிகம் நலிந்தது, பலர் பிழைப்பிழந்தனர். அப்போது குவேலுக்கு வயது பதினான்கு.

தீவின் சட்டமன்றத்திற்குக் கீஸ் அவை என்று பெயர். அதன் உறுப்பினர் இருபத்துநால்வர். அவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1866ஆம் ஆண்டுவரை இல்லை. குவேல் 1784இல் அவ்வவையில் இடம்பெற்றார். ஐம்பத்தோராண்டுகள் உறுப்பினராக விளங்கினார்.

படகுக் கலையில் அவருக்கு அளவிறந்த ஆர்வம் உண்டு. 1789இல் படகொன்று கட்டுவித்து, அதற்குப் பெகி என்று பெயரிட்டார். மார்கரெட் என்னும் தாயாரின் பெயர் செல்லமாகச் சுருங்கியதே பெகி. எட்டுச் சிறு பீரங்கிகளைத் தாங்கிய அப்படகில் வேறொரு புதுமையும் இருந்தது. படகின் அடியில் வேண்டும்போது கீழிறக்கவும் மேலேற்றவும் தக்க பலகைகளைப் பொருத்தினார். ஆழ்கடலில் அவை இறங்கி நின்று, காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாதவாறு தடுக்கும். ஆழம் குறைந்த துறையில் மேலேறிவிடும். 1796இல் குவேல் கடல் கடந்து சென்று, பெகியைத் தரைவழியே எடுத்துச்சென்று, இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் நடந்த படகுப் போட்டியில் கலந்துகொண்டார். திரும்பும் வழியில் கடல் கொந்தளித்தது. எனினும் பெகி இடையூறின்றி வீடு சேர்ந்தது.

தீவில் அந்நாளில் காசுத் தட்டுப்பாடு மிகுந்திருந்தது. 1802இல் குவேல், தம் தம்பி மார்க் உள்ளிட்ட பங்காளிகளோடு வங்கி ஒன்றைத் தொடங்கினார். ஆற்றங்கரையில் இருந்த அவரது இல்லமே வங்கியாயிற்று. அவ்வங்கி நோட்டுகளை வெளியிட்டது. நோட்டு என்பது வெறுந்தாளன்று. கேட்டபோது பணம் தருவோம் என்னும் வாக்குறுதியாகும். கடைக்காரரும் உழவரும் குவேலின் பெயரை நம்பியே அத்தாளை வாங்கினர்.

வங்கி நிலைத்து நிற்கவில்லை. 1818இல் அதனை மூட நேர்ந்தது. வங்கி நொடித்தால் அதன் நோட்டுகள் குப்பையாகும்; அவற்றை நம்பிச் சேமித்த ஏழைகள் தெருவில் நிற்பர். குவேல் அதற்கு இடந்தரவில்லை. தம் சொந்தச் செல்வத்தைக் கொண்டு கடன்களைத் தீர்த்தார். முதுமையை நெருங்கும் அறுபத்தேழாம் வயதில் அவர் பொருளை இழந்தார்; பெயரை இழக்கவில்லை.

1835இல் குவேல் மறைந்தார். படகுக் கொட்டிலின் வாயில் அடைபட்டது. பெகியை உலகம் மறந்தது. நூறாண்டுகளுக்குப் பின் 1935இல் அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. 1951இல் அவ்விடம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2015இல் பெகி பாதுகாப்புப் பணிகளுக்காக வெளியே எடுக்கப்பட்டது.

நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். காசாகிய நாணயம் கைவிட்டுப் போனபோதும், நேர்மையாகிய நாணயத்தைக் கைவிடாதவர் ஜார்ஜ் குவேல். அவர் கட்டுவித்த படகைக் காட்டிலும் உறுதியானது அவர் காத்த சொல்லே எனலாம்.