தப்புத் தப்பாய் வித்தை காட்டிய டாமி கூப்பர்

பிறந்தநாள் விழா. குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து இருக்கிறார்கள். வித்தைக்காரர் ஒரு சிறுவனை மேடைக்கு அழைக்கிறார். தன் மந்திரக்கோலை அவன் கையில் கொடுக்கிறார்.

பையன் வாங்கியதுதான் தாமதம்! விறைப்பாக இருந்த கோல் துண்டு துண்டாகத் தொங்கி விடுகிறது. வித்தைக்காரர் திரும்ப வாங்குகிறார். கோல் நிமிர்ந்து விடுகிறது. பையனிடம் கொடுக்கிறார். மறுபடியும் தொங்குகிறது! குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அந்தக் கோல் சிறு சிறு குழாய்த் துண்டுகளால் ஆனது. நடுவே ஒரு கயிறு ஓடுகிறது. கயிற்றை இழுத்துப் பிடித்தால் கோல் நேராக நிற்கும். விட்டால் தொங்கும்.

எல்லாம் தெரிந்த பெரியவர் திண்டாடுகிறார் என்றால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். அதே கொண்டாட்டத்தைப் பெரியவர்களுக்கும் கொடுத்தார் ஒருவர். கோலை மட்டும் அல்ல, மேடையில் தொட்டதை எல்லாம் கோளாறு செய்ய வைத்தார். அவர்தான் இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்த டாமி கூப்பர்.

கொட்டியது பால்

வேல்ஸ் நாட்டில் உள்ள கேர்ஃபில்லி என்ற ஊரில் 1921 மார்ச் 19ந் தேதி அவர் பிறந்தார். 3 வயதில் குடும்பம் எக்சிட்டர் நகருக்குக் குடி பெயர்ந்தது. 8 வயதில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வித்தைச் சாமான் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். பையன் அதோடு ஒட்டிக்கொண்டான்.

படகு கட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பழகச் சேர்ந்தார். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் வித்தை காட்டும் வாய்ப்பு வந்தது. பால் நிறைந்த பாட்டிலைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். வாயை மூடிய காகிதத்தை எடுத்தாலும் பால் கொட்டக் கூடாது. அதுதான் வித்தை.

கொட்டிவிட்டது!

பயத்தில் வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. கூடமே சிரித்தது. இன்னொருவராக இருந்தால் பெட்டியைத் தூக்கிப் போட்டு இருப்பார். கூப்பரோ, சரியாகச் செய்தால் கிடைக்காத ஒன்று தப்பாகச் செய்ததில் கிடைத்ததைக் கவனித்தார்.

சிவப்புத் தொப்பி

1940ல் ராணுவத்தில் சேர்ந்தார். எகிப்துக்குப் போனார். சிப்பாய்களுக்குக் கலை நிகழ்ச்சி நடத்தும் குழுவில் இடம் கிடைத்தது. ஒருநாள் கெய்ரோவில், போட வேண்டிய தொப்பியை மறந்து வந்துவிட்டார். அந்தப் பக்கம் போன பரிசாரகரின் தலையில் இருந்த துருக்கித் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்தார். ஆளோ 6 அடி 4 அங்குல உயரம். உச்சியில் குஞ்சம் ஆடும் குட்டித் தொப்பி! பார்த்ததுமே சிரிப்பு கிளம்பியது. கடைசிவரை அந்தத் தொப்பியை அவர் விடவில்லை.

1947ல் ராணுவத்தில் இருந்து வெளியே வந்தார். அந்த ஆண்டே குவென் என்ற பெண்ணை மணந்தார். நாடக மேடைகளில் ஏறினார். பிறகு தொலைக்காட்சி அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவருக்கு வித்தை தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். லண்டனில் தேர்ந்த வித்தைக்காரர்கள் மட்டுமே சேரக்கூடிய சங்கத்தில் அவர் உறுப்பினர். நான்கு வித்தைகள் கெட்டுப்போகும்; ஐந்தாவது அழகாக முடியும். கூட்டம் அசந்து போகும். தவறும்போது எந்த நொடியில் தவற வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்வது லேசான வேலையா?

கடைசிச் சிரிப்பு

குடியும் சுருட்டும் உடம்பைக் கெடுத்தன. 1977ல் ரோம் நகரில் மாரடைப்பு வந்தது. சில மாதங்களில் மறுபடியும் மேடைக்கு வந்துவிட்டார்.

1984 ஏப்ரல் 15, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் ஒரு நாடக அரங்கு. நிகழ்ச்சி அப்படியே தொலைக்காட்சியில் போய்க்கொண்டு இருந்தது. உதவிக்கு வந்த பெண் அவருக்குப் பெரிய அங்கி ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். திரைக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து இருந்தார். சாமான்களை அங்கிக்குள் நீட்டுவது அவர் வேலை.

திடீர் என்று கூப்பர் சரிந்தார். திரையில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சுத் திணறியது.

அரங்கம் சிரித்தது!

தவறுவதுதானே அவர் தொழில்! இதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். திரைக்குப் பின்னால் இருந்தவர்கூட முதலில் அப்படித்தான் நினைத்தார். வீட்டில் பார்த்துக்கொண்டு இருந்த லட்சக்கணக்கானவர்களுக்கும் விளங்கவில்லை. அவசரமாக விளம்பரத்துக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது உயிர் இல்லை. வயது 63.

பிறந்த ஊரில் 2008ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். சிலையின் தலையிலும் அதே தொப்பி.

2016ல் லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவருடைய பொருள்களை வாங்கியது. மேடையில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டவர் அல்லவா? அவர் சேர்த்து வைத்த நகைச்சுவைத் துணுக்குகளோ, நூலகத்துப் புத்தகங்கள் போல வகை பிரித்து, வரிசை தவறாமல் அடுக்கப்பட்டு இருந்தன.